வீணாகக் கடலில் கலக்கிறதா தண்ணீர்? பாலசமுத்திரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை ஒரு படகுப் பயணம்

பழனி மலையின் வடக்கு அடிவாரத்தில் இருக்கிறது பாலசமுத்திரம். பெயரில்தான் சமுத்திரம். ஊரில் நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் மலையும் தோப்பும் வயலும்தான் கண்ணில் படும். பெரிய ஏரி வெட்டினால் அதற்குச் சமுத்திரம் என்று பெயர் வைப்பது அந்தக் காலத்துத் தென்னாட்டு வழக்கம். ஏரியின் பெயர் ஊருக்கும் ஒட்டிக்கொள்ளும். அம்பாசமுத்திரம், கோபாலசமுத்திரம் என்று கடலையே காணாத சமுத்திரங்கள் தமிழ்நாட்டில் ஏராளம்.

இன்றைக்கு அந்த ஊர்ப் பக்கம் தண்ணீர் என்றால் முதலில் நினைவுக்கு வருவது பாலாறு – பொருந்தலாறு அணை. கொடைக்கானல் மலையின் வடசரிவில் பெய்யும் மழை இரண்டு ஆறுகளாக இறங்கி வந்து இங்கே தேங்குகிறது. பழனி மலைத்தொடரை ஒரு ஓட்டுவீட்டுக் கூரையாக நினைத்துக்கொள்ளுங்கள். தெற்குச் சரிவில் விழும் மழை வைகைக்குப் போகும். வடக்குச் சரிவில் விழுவது காவிரிக்கு. அணை நிரம்பி மதகு திறக்கிற நாளில் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து பிள்ளைகுட்டிகளோடு வந்து வேடிக்கை பார்ப்பார்கள். நுரைத்துக்கொண்டு ஓடும் தண்ணீரைப் பார்த்து ஏதாவது ஒரு பிள்ளை நிச்சயம் கேட்கும்: "இது எங்கப்பா போவுது?"

கடலுக்குப் போகிறது என்று சொல்லி முடித்துவிடலாம். அந்தக் கேள்விக்கு உண்மையாகவே பதில் தேடிப் புறப்பட்டால், 300 கிலோமீட்டர் தள்ளி, இடுப்பளவுத் தண்ணீரில் மிதக்கும் ஒரு படகில் போய் உட்கார வேண்டியிருக்கும்.

அணையிலிருந்து கிளம்பும் தண்ணீர் முதலில் சண்முகநதியில் சேர்கிறது. பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் முங்கிக் குளித்துவிட்டுக் காவடி எடுக்கும் அதே நதி. அது தாராபுரம் பக்கம் அமராவதியோடு கலக்க, அமராவதி கரூரைத் தாண்டித் திருமுக்கூடலூரில் காவிரியோடு கலக்கிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. பங்குனி உத்திரத்துக்குக் கொங்கு நாட்டுப் பக்தர்கள் கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் எடுத்து, காவடியில் சுமந்துகொண்டு பழனிக்கு நடப்பார்கள். காவிரி பழனிக்குத் தோளில் வருகிறது. பழனியின் தண்ணீர் காவிரிக்குத் தானாகவே நடந்து போகிறது.

கல்லணையில் காவிரி பிரிகிறது. கொள்ளிடம் ஒரு பக்கம், காவிரி ஒரு பக்கம், வெண்ணாறு ஒரு பக்கம், 1934இல் வந்த புது ஆறு என்கிற கல்லணைக் கால்வாய் ஒரு பக்கம். வெண்ணாறு நீடாமங்கலத்தில் மறுபடி மூன்றாகப் பிரிகிறது. அந்த இடத்துக்கே மூணாறு தலைப்பு என்றுதான் பெயர். வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்ற அந்த மூன்றில் பின்னவை இரண்டும் தெற்கே இறங்கி, மன்னார்குடி வட்டார வயல்களுக்கெல்லாம் பாய்ந்து, கடைசியில் மிச்சம் மீதியோடு முத்துப்பேட்டைக்கு வந்து சேர்கின்றன. திருவாரூர் மாவட்டத்தின் தென்கோடி. காவிரியின் கடைமடை.

பாலசமுத்திரத்தில் திறந்த தண்ணீரில் எத்தனை சொட்டு இங்கே வந்து சேரும் என்று கணக்குப் பார்க்க முடியாது. வழியெல்லாம் தென்னை, கரும்பு, நெல், ஊர் ஊராகக் குடிநீர்த் திட்டம் என்று குடித்துவிடும். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் அமராவதி பெருகி ஓடினால், மேட்டூருக்குக் கீழே காவிரியில் சேரும் வெள்ளத்தில் பழனி மலைக்கும் பங்கு உண்டு.

ஆழம் இல்லாத ஒரு கடல்

முத்துப்பேட்டையை ஒட்டியிருக்கும் ஜாம்புவானோடை என்றதும் பலருக்கு தர்கா நினைவு வரும். எல்லா மதத்தவரும் வந்து போகிற இடம். அலையாத்திக் காட்டுக்குப் போகிறவர்கள் படகு ஏறும் துறையும் இந்த ஊர்ப் பக்கம்தான். வனத் துறையின் அனுமதியோடுதான் போக வேண்டும். கோரையாற்றில் ஏறினால் முதலில் இரண்டு பக்கமும் கரை. பிறகு கரையே காடாக மாறும். கடைசியில் காடு விலகி, சட்டென்று எதிரே கண்ணுக்கு எட்டிய வரை தண்ணீர் விரியும். அதுதான் லகூன். ஊர்க்காரர்களே அந்த இங்கிலீஷ் சொல்லைத்தான் சொல்கிறார்கள். பாக் நீரிணையின் கடல் உள்ளே வந்து, ஆற்றுத் தண்ணீரோடு கலந்து, காட்டுக்கும் மணல்திட்டுக்கும் நடுவே அடைபட்டு நிற்கும் காயல்.

முதல்முறை பார்க்கிறவர்களுக்கு இது நடுக்கடல் மாதிரிதான் தெரியும். ஆனால் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். நடுவில், கரையே தெரியாத தூரத்தில், ஒருவர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு வலை இழுப்பதைப் பார்த்தால் பிள்ளைகளுக்குச் சிரிப்பு தாங்காது.

ஆழம் குறைவு என்பதால் இங்கே படகு ஓட்டுவது சுலபம் என்று நினைத்துவிடக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத பாதைகள் தண்ணீருக்கு அடியில் இருக்கின்றன. ஆறு வந்து விழுந்த தடம் கொஞ்சம் பள்ளமாக இருக்கும். இரண்டு பக்கமும் சேறு மேடு. படகோட்டிக்கு அந்தத் தடம் மனப்பாடம். நட்டுவைத்த கம்பு, வலைக்காரர்களின் அடையாளம், தண்ணீரின் நிறம் என்று எதையாவது பிடித்துக்கொண்டு வளைந்து வளைந்து போவார். தடம் தவறினால் எஞ்சினின் விசிறி சேற்றைக் கடையும். உடனே அதைத் தூக்கிவிட்டு மூங்கில் கழியை ஊன்றித் தள்ள வேண்டியதுதான். பாக் நீரிணையில் ஏற்றவற்றம் ஒரு மீட்டர்கூடக் கிடையாது. ஆனால் தண்ணீரே ஒரு மீட்டர்தான் இருக்கும் இடத்தில் அரை அடி இறங்கினாலும் அது பெரிய விஷயம். காலையில் போன வழியில் சாயங்காலம் திரும்ப முடியாமல் போகலாம்.

இந்தத் தண்ணீருக்கென்றே இந்தக் கரையில் ஒரு படகு உருவானது. பெயர் வத்தை. முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டால் ஆசையாகச் சொல்வார்கள். அடிப்பக்கம் சட்டமாகத் தட்டை, பக்கவாட்டுப் பலகை சுவர்போல நேர். கூர்மையான அடி இருந்தால் சேற்றில் மாட்டும்; தட்டையாக இருந்தால் முழங்கால் தண்ணீரிலும் வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் தட்டைப் படகுக்கு ஒரு சங்கடம். பாய் விரித்தால் காற்று அதை நேராகத் தள்ளாமல் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய்விடும். அதற்கு ஒரு யுக்தி செய்தார்கள்: படகின் பக்கத்தில் ஒரு பலகையைச் செங்குத்தாகத் தண்ணீரில் இறக்கிவிடுவது. ஆழம் குறைந்தால் பலகையைத் தூக்கிக்கொள்ளலாம். இன்னொரு நீளப் பலகையைக் குறுக்கே போட்டு, காற்று அடிக்கிற பக்கம் வெளியே நீட்டி, அதன் நுனியில் ஒரு ஆள் போய் உட்கார்ந்துகொள்வார். பாய் ஒரு பக்கம் சாய்க்க, ஆள் எடை மறுபக்கம் இழுக்க, படகு நேராக நிற்கும். காற்று கூடினால் ஆள் இன்னும் கொஞ்சம் வெளியே நகர்வார். பெரிய வத்தைக்கு மூன்று பாய்மரம்.

1990களில் இங்கிலாந்திலிருந்து வந்த கடல்சார் தொல்லியல் அறிஞர் ஷான் மெக்ரெய்லும் அவருடைய குழுவினரும் வத்தை கட்டும் ஆசாரிகளிடம் உட்கார்ந்து அளவெடுத்துப் போனார்கள். அவர்களை அசத்தியது ஒன்று. காகிதத்தில் வரைபடம் இல்லாமல், பரம்பரையாக வந்த கணக்கை வைத்தே படகின் விலா எலும்புகளுக்கு அளவு குறித்து, முதலில் எலும்புக்கூட்டை நிறுத்தி, அதன்மேல் பலகை அடித்திருக்கிறார்கள் நம்மூர் ஆசாரிகள். அந்த ஆய்வு வெளிநாட்டு ஆய்விதழில் அச்சாகிவிட்டது. அதற்குள் இங்கே பாய் சுருட்டி வைத்தாயிற்று. எஞ்சினும் ஃபைபர் படகும் வந்துவிட்டன.

அதில் வருத்தப்பட்டுப் பயனில்லை. பாயை நம்பிப் போகிறவனுக்கு, தெற்கிலிருந்து சோளகம் வீசினால் ஒரு நேரம், வாடை வீசினால் ஒரு நேரம். காற்று விழுந்துவிட்டால் பிடித்த மீன் வெயிலில் நாறும். எஞ்சின் வந்தது மீனவக் குடும்பங்களுக்கு நல்லதுதான். ஆனாலும் சுற்றுலாவுக்கென்று ஒரே ஒரு வத்தையையாவது பாயோடு வைத்திருந்தால், எஞ்சின் இரைச்சலில் கூழைக்கடாக்கள் கிளம்பிப் பறந்துபோகாமல் பிள்ளைகள் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். யாராவது யோசிக்கலாம்.

காடு மூச்சு விடுகிற இடம்

முத்துப்பேட்டை அலையாத்திக் காடு மொத்தமாக ஏறத்தாழ 12,000 ஹெக்டேர். தமிழ்நாட்டின் மிகப் பெரிய அலையாத்திக் காடு இதுதான். 'இதயக்கனி' படத்தில் எம்.ஜி.ஆர். படகில் போன பிச்சாவரம்தான் பெயர் பெற்றது என்றாலும், பரப்பில் முத்துப்பேட்டைதான் அண்ணன். இரண்டுக்கும் முகம் வேறு. பிச்சாவரத்தில் சுரபுன்னை மரங்கள் குடைக்கம்பிபோல வேர்களை வளைத்து ஊன்றி நிற்க, அவற்றுக்கு நடுவே குறுகிய சந்துகளில் துடுப்புப் படகு நுழையும். முத்துப்பேட்டையில் பெரும்பாலும் ஒரே வகை மரம், அலையாத்தி. வெண்கண்டல் என்றும் சொல்வார்கள். இங்கே வேர்கள் வளைந்து நிற்காது. சேற்றிலிருந்து பென்சில்களை நட்டுவைத்ததுபோல மேல்நோக்கி ஆயிரக்கணக்கில் முளைத்து நிற்கும். சேற்றுக்குள் காற்று கிடையாது. அதனால் இந்த மரம் மூச்சு விடுவதற்கென்றே வேரை வெளியே அனுப்புகிறது. இலையின் மேல் விரலை ஓட்டி நாக்கில் வைத்துப் பார்த்தால் உப்புக் கரிக்கும். உறிஞ்சிய உப்பை இலை வழியே வெளியே தள்ளிவிடும் மரம் அது.

பிள்ளைகள் எதையும் தொடட்டும், ஒரு மரத்தைத் தவிர. தில்லை. சிதம்பரத்துக்குப் பெயர் கொடுத்த அதே மரம் இங்கேயும் உண்டு. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. படகோட்டிகள் தூரத்திலிருந்தே காட்டிவிடுவார்கள்.

காட்டுக்குள்ளே நேர்நேராக வெட்டிய வாய்க்கால்கள் தென்படும். பாதி மீனவர்கள் வெட்டியவை. மீன்பிடி வாய்க்கால் என்பது இந்தக் கரையின் தனி வித்தை. லகூனிலிருந்து சதுப்புக்குள் வாய்க்கால் வெட்டி விட்டால், ஏற்றத்தில் தண்ணீரோடு மடவையும் இறாலும் கொடுவாவும் உள்ளே ஏறும். வற்றத்தில் திரும்பும்போது வாயில் வைத்த தடுப்பில் மாட்டும். துரத்திப் பிடிக்கும் வேலையே இல்லை. ஒரு வாய்க்காலுக்குப் பல குடும்பங்கள் பங்குதாரர்கள்.

மீதி வாய்க்கால்களின் கதை வேறு. ஒரு காலத்தில் இந்தக் காட்டில் விறகுக்காகப் பகுதி பகுதியாக மொட்டை அடித்து வெட்டினார்கள். வெட்டினால் தானாக முளைத்துவிடும் என்பது கணக்கு. முளைக்கவில்லை. மரம் போன இடத்தில் மண் வெயிலில் சுருங்கித் தாழ்ந்து, தட்டுபோலப் பள்ளமானது. ஏற்றத்தில் வந்த கடல்நீர் அதில் தேங்கி, திரும்ப வழியில்லாமல் வற்றி, உப்பாக உறைந்தது. அந்த உப்பில் எந்த விதையும் பிழைக்காது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத் துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து ஒரு வழி கண்டார்கள். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், அதன் இரண்டு பக்கமும் சாய்வாகச் சின்ன வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள் மாதிரி இருக்கும். தேங்கிய நீர் வெளியேறவும் புது நீர் உள்ளே வரவும் வழி கிடைத்ததும் உப்பு கழுவப்பட்டது. வாய்க்கால் ஓரங்களில் அலையாத்தி விதைத்தார்கள். பிடித்துக்கொண்டது. இன்று படகில் போகிறவர்கள் இயற்கைக் காடு என்று நினைத்துப் படம் எடுக்கும் சில இடங்கள் மண்வெட்டியால் மீட்டவை.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது, இந்தக் காடுதான் முன்னால் நின்று அடி வாங்கியது. ஊருக்குள் லட்சக்கணக்கில் தென்னைகள் சாய்ந்ததையே எல்லாரும் பார்த்தார்கள். காடு இலையெல்லாம் உதிர்ந்து கருகிய குச்சியாக நின்றது அவ்வளவாகச் செய்தியாகவில்லை. அலையை ஆற்றுவதால் அலையாத்தி என்று பெயர் சொல்வார்கள். அன்றைக்கு ஆற்றிய அலைக்கும் காற்றுக்கும் அது கொடுத்த விலை பெரிது. பல இடங்களில் மறுபடி துளிர்த்திருக்கிறது. சில இடங்களில் வெள்ளைக் கட்டைகளாக இன்னும் நிற்கின்றன.

'வீண்' என்ற சொல்

ஒவ்வொரு மழைக்காலத்திலும் தவறாமல் ஒரு தலைப்பு வரும்: வீணாகக் கடலில் கலக்கும் காவிரி நீர். வாசிக்கிறவர்களுக்கு வயிறு எரியும். வெயில் காலத்தில் குடத்தோடு நின்றவர்களுக்கு எரியாமல் என்ன செய்யும்?

லகூனில் படகில் உட்கார்ந்து யோசித்தால் அந்தச் சொல் கொஞ்சம் உறுத்தும். அலையாத்தி விதைகள் உதிர்வது பெரும்பாலும் மழைக்காலத்தை ஒட்டி. ஆற்றுவெள்ளம் வருவதும் அப்போதுதான். வெள்ளம் சதுப்பின் உப்பைக் கழுவ, அந்தச் சில வாரங்களில்தான் முளைத்த கன்று வேர் பிடிக்கும். வெள்ளம் வராத வருடத்தில் விதை உதிரும், மிதக்கும், கருகும். இறாலின் கதையும் இதுதான். தாய் இறால் முட்டையிடுவது கடலில். பொரித்த குஞ்சுகள் முகத்துவாரம் வழியே லகூனுக்குள் வந்து, உப்புக் குறைந்த, இரை நிறைந்த இந்தத் தண்ணீரில் சில மாதம் வளர்ந்து, பிறகு கடலுக்குத் திரும்பும். கடலில் வலை போடுகிறவர் வீட்டு அடுப்பில் கொதிக்கும் இறால் குழம்புக்கு ஆற்றுத் தண்ணீரும் ஒரு காரணம். ஆறு கொண்டுவரும் வண்டலும் காட்டுக்கு வேண்டும். முகத்துவாரத்தில் மணல் மூடாமல் தள்ளிக்கொண்டு போகும் வேகமும் வேண்டும்.

அந்த வேகம் இப்போது குறைந்துவிட்டது. காவிரியில் மிதமிஞ்சி வெள்ளம் வரும்போது அதில் பெரும்பகுதி கொள்ளிடத்தில் திருப்பப்பட்டு, பிச்சாவரத்துக்குத் தெற்கே கடலைச் சேர்ந்துவிடும். தொலைக்காட்சியில் காட்டும் வெள்ளம் அது. முத்துப்பேட்டைக்கு வருவது வயல்கள் குடித்ததுபோக வடிகிற நீரும், வடகிழக்குப் பருவமழை நேரடியாகப் பெய்ததும்தான். மழை விட்டுச் சில மாதங்கள் கழிந்தால் லகூன் கடலைவிடவும் அதிகமாகக் கரிக்கும் நாட்கள் உண்டு. அடைபட்ட ஆழமில்லாத தண்ணீர், மேலே கோடை வெயில். ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும். உப்பு அங்கேயே இருக்கிறது.

அப்படியென்றால் அணைகளைத் திறந்து விட்டுவிடலாமா? கடைமடை விவசாயியிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள். மேட்டூர் ஜூன் 12இல் திறந்தாலும் தண்ணீர் தன் வயலுக்கு எப்போது வரும் என்று மடையில் காத்துக் கிடப்பவர் அவர். ஆறு வற்றினால் கடல்நீர் கோரையாற்றில் உள்ளே ஏறி முதலில் கெடுப்பதும் அவருடைய நிலத்தைத்தான். வயலுக்கும் காட்டுக்கும் இடையே இது வழக்கு என்று நினைத்தால் தவறு. இரண்டும் ஒரே வாய்க்காலின் கடைசியில் ஒரே தண்ணீருக்குக் காத்திருக்கின்றன. கேட்பதெல்லாம், பங்கு பிரிக்கும்போது கடல் ஓரத்துக்கும் ஒரு பங்கு எழுதுங்கள், மிச்சமிருந்தால் போகட்டும் என்று விடாதீர்கள் என்பதுதான். கோடியக்கரையோடு சேர்த்து முத்துப்பேட்டைக் காடும் 2002இலேயே ராம்சார் பட்டியலில் ஏறிவிட்டது. தமிழ்நாட்டிலிருந்து முதலில் அந்தப் பட்டியலில் சேர்ந்த ஈரநிலம் இதுவே. பட்டியலில் பெயர் இருந்தால் தண்ணீர் வந்துவிடாது.

குடும்பத்தோடு கிளம்புகிறவர்களுக்கு

பழனிப் பக்கத்திலிருந்து காரில் திண்டுக்கல், திருச்சி, தஞ்சாவூர், மன்னார்குடி வழியாக வரலாம். ரயிலென்றால் திருவாரூர் – காரைக்குடி அகலப் பாதையில் முத்துப்பேட்டையிலேயே நிலையம் உண்டு. வண்டிகள் குறைவு, நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். ஆயக்குடி கொய்யாவும் பஞ்சாமிர்த டப்பாவும் பையில் இருந்தால் பிள்ளைகள் வழியில் தொந்தரவு பண்ண மாட்டார்கள். பிளாஸ்டிக் உறைகளைக் காட்டில் போடாமல் திருப்பிக் கொண்டுவந்துவிடுங்கள்.

தை, மாசி நல்ல காலம். மழை விட்டிருக்கும், தண்ணீர் இருக்கும், பறவைகள் இன்னும் கிளம்பியிருக்காது. பூநாரை, கூழைக்கடா, நீர்க்காகம், கொக்கு வகைகள் எல்லாம் உண்டு. அருகிலேயே உதயமார்த்தாண்டபுரம் பறவைகள் சரணாலயமும் இருக்கிறது. சித்திரை வெயிலில் குழந்தைகளோடு திறந்த படகில் இரண்டு மூன்று மணி நேரம் உட்காருவது தண்டனை. கஜாவுக்குப் பிறகு நடைபாதை, கண்காணிப்புக் கோபுரம் போன்றவற்றில் எது திறந்திருக்கிறது, படகு விடுகிறார்களா என்பதையெல்லாம் வனத் துறையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு புறப்படுவது நல்லது. காலையில் சீக்கிரம் ஏறிவிட்டால் காற்று எழும்புமுன் திரும்பிவிடலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் தாட்சண்யம் வேண்டாம். உயிர்க்கவசச் சட்டை. "இடுப்பளவுத் தண்ணிதானே, இதுக்கு எதுக்கு?" என்று மாமாவோ சித்தப்பாவோ யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். பழவேற்காடும் ஆழமில்லாத ஏரிதான். 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்த குடும்பத்தினர் ஏறிய படகு அங்கே கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். 2023 மே 7இல் கேரளத்தின் தானூரில் ஆற்று முகத்துவாரம் அருகே சுற்றுலாப் படகு கவிழ்ந்தபோதும் 22 பேர், பலர் குழந்தைகள். பெரியவருக்கு இடுப்பளவு என்றால் ஆறு வயதுப் பிள்ளைக்கு அது தலைக்கு மேல். அடியில் இருப்பது மணலல்ல, சேறு. கால் ஊன்றினால் இழுக்கும். ஆற்றுத் தடத்திலும் முகத்துவாரத்திலும் ஆழமும் இழுப்பும் வேறு. ஆகவே ஒவ்வொருவருக்கும் ஒரு சட்டை, பிள்ளைகளுக்கு அவர்கள் அளவில். எண்ணிக்கை குறைந்தால் இரண்டு நடையாகப் போங்கள். படம் எடுக்க எல்லாரும் ஒரே பக்கம் எழுந்து நிற்கக் கூடாது. வத்தையில் பலகை நுனியில் ஆள் உட்கார்ந்தது எதற்கு என்று அப்போது பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம்.

படகில் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டும் உண்டு. ஏறும் துறையில் ஒருமுறை, ஆறு லகூனில் விழும் இடத்தில் ஒருமுறை, முகத்துவாரத்தை நெருங்கும்போது ஒருமுறை விரலைத் தண்ணீரில் தொட்டு நுனிநாக்கில் வைத்துத் துப்பச் சொல்லுங்கள். எங்கே உப்பு ஆரம்பிக்கிறது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். நல்ல மழை பெய்து ஆறு ஓடும் கார்த்திகையில் அந்த இடம் துறையிலிருந்து வெகுதூரம் தள்ளி இருக்கும். ஆறு வற்றிய வைகாசியில் படகு ஏறுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.